லங்காவித் தீவுகளிடையே பாய்மரப் படகில் ஒரு பகல்: காற்றையும் ஓதத்தையும் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

மலேசியாவின் வடமேற்கு மூலையில், கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவி ஒற்றைத் தீவு அன்று. அது 99 தீவுகளின் கூட்டம் என்பது வழக்கமான கணக்கு. கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டுகளையும் சேர்த்து 104 என்பாரும் உண்டு. 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் புவிப்பூங்கா அங்கீகாரம் பெற்ற இந்தத் தீவுக் கூட்டத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் விசைப்படகில் ஏறி, நான்கு மணி நேரத்தில் ஓர் ஏரி, ஒரு கடற்கரை, பருந்துகளுக்கு இரை வீசும் ஓர் இடம் என்று மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பாய்மரப் படகில் ஒரு முழுப் பகலைக் கழித்து, விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் போக்கிலேயே காண விரும்புவோர் வேறு விதமாகத் திட்டமிட வேண்டும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இடங்களின் பட்டியலை அன்று; காற்றின் திசையையும் ஓதம் எனப்படும் கடல் ஏற்றவற்றத்தின் நேரத்தையும்தான். அவை இரண்டும் முடிவானால் எந்தத் தீவுக்கு எப்போது போவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பயணத்துக்கு உகந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரையாகும். அப்போது வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு மழையையும் கொந்தளிப்பையும் கொண்டுவருவது. லங்காவிக்கோ அதுவே வறண்ட, தெளிவான நாள்களைத் தருகிறது. காற்று தாய்லாந்து, மலேசிய நிலப்பரப்பைக் கடந்து வருவதால், பாயை நிரப்பும் அளவுக்கு வேகம் இருந்தும் பேரலைகளை எழுப்பத் திறந்த கடல் அதற்கு வாய்ப்பதில்லை. மே முதல் அக்டோபர் வரை நிலைமை தலைகீழாகிறது. மேற்கே அந்தமான் கடல் திறந்து கிடப்பதால் அலை நீண்டு எழும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அக்காலத்தில் போகவே கூடாது என்பதில்லை என்றாலும், ஒரே ஒரு நாளை ஒதுக்கிவிட்டு வருபவர் அதை நம்பி வருவது சரியன்று. பழங்காலத்தில் கடாரம் என்று தமிழர் அறிந்திருந்த இந்தக் கெடாக் கரைக்குச் சோழமண்டலத்து வணிகக் கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்து, வடகிழக்குப் பருவக்காற்றுக்காகக் காத்திருந்து ஊர் திரும்பின. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைதான் அவற்றுக்குக் கரையடையாளம். நாம் உல்லாசமாகப் பாய் விரிப்பது அவர்கள் வீடு திரும்பிய அதே காற்றில்.

காலம் முடிவான பின் வழியைத் தீர்மானிக்கலாம். லங்காவியில் பாய்மரப் படகுகள் பெரும்பாலும் தென்கிழக்கில் உள்ள குவா நகரத்துத் துறையிலிருந்தும், மேற்கில் உள்ள தெலாகாவிலிருந்தும், தென்மேற்கு முனையை ஒட்டிய போர்ட்டோ மாலாயிலிருந்தும் புறப்படுகின்றன. வடகிழக்குக் காற்று நாளில் தெலாகாவிலிருந்து புறப்படுவதையே நான் பரிந்துரைப்பேன். அங்கிருந்து ரெபாக், தெப்போர் தீவுகளை ஒட்டித் தென்கிழக்காகச் சென்று, சிங்கா பெசார், பெராஸ் பாசா தீவுகளைக் கடந்து, தாயாங் பூந்திங் தீவின் மேற்குக் கரையை அடையும் தூரம் ஏறத்தாழ 12 கடல் மைல். போகும் திசை தென்கிழக்கு, வரும் திசை வடமேற்கு, காற்றோ வடகிழக்கிலிருந்து. ஆகவே போகும்போதும் திரும்பும்போதும் காற்று படகின் பக்கவாட்டிலேயே படும். பாய்மரப் படகு விரைவாகவும் அதிகம் உலுக்காமலும் ஓடுவது பக்கக் காற்றில்தான். குவாவிலிருந்து புறப்பட்டால் போகும்போது காற்று முதுகில் இருக்கும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏற வேண்டியிருக்கும், அல்லது எஞ்சினைப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும். மாலையில் களைத்த பயணிகளோடு எதிர்க்காற்றில் வரும் படகோட்டி எஞ்சினைத்தான் தேர்ந்தெடுப்பார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது ஓதம். லங்காவிக் கடலில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் நிகழ்கின்றன; அமாவாசை, முழுநிலவை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு இரண்டரை மீட்டரைத் தாண்டும். விலங்குகளைக் காண விரும்புவோருக்கு வற்றமே நல்ல நேரம். அப்போதுதான் தீவுகளின் அடிவாரத்தில் சேற்றுத் தட்டுகளும் பாறைகளும் வெளிப்படுகின்றன. கடற்பாறைக் கொக்கு மீனுக்காக நிற்கும், உடும்பு நீரோரம் ஊர்ந்து வரும், நீளவால் குரங்குகள் கூட்டமாக இறங்கிச் சிப்பியும் நண்டும் தேடும். நீர் மேலேறத் தொடங்கியதும் அந்தக் காட்சி ஓரிரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். எனவே ஓத அட்டவணையைப் பார்த்து, காலை 10 மணியை ஒட்டி வற்றம் அமையும் நாளைத் தேர்ந்தெடுப்பது நன்று. வற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதாலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலை ஏறக்குறைய முன்போலவே அமைவதாலும், எந்த மாதத்திலும் இத்தகைய நாள்கள் சில கிடைக்கும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை நினைவில் வைத்து, அந்த நாள்களையும் பள்ளி விடுமுறையையும் சீனப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்த்தால் நெரிசல் பாதியாகக் குறையும்.

படகை முன்பதிவு செய்யும்போது விலையைவிட முதலில் கேட்க வேண்டியது, பாய் உண்மையிலேயே விரிக்கப்படுமா என்பது. பாய்மரம் உள்ள படகு எல்லாம் பாயில் ஓடுவதில்லை. நேரத்தை மிச்சப்படுத்த எஞ்சினிலேயே போய், புகைப்படத்துக்காகச் சற்று நேரம் பாயை ஏற்றி இறக்கும் வழக்கமும் இருக்கிறது. எத்தனை பேரை ஏற்றுவார்கள், குழந்தைகளின் அளவுக்கு உயிர்காப்பு உடுப்பு இருக்கிறதா, பருந்துகளுக்கு இரை வீசுவார்களா, வானிலை மோசமானால் பணம் திரும்புமா, சைவ உணவு கிடைக்குமா என்பவற்றையும் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் இரட்டையுடல் கட்டமரான் ஏற்றது. அது அதிகம் சாயாது, ஆழம் குறைந்த இடத்துக்கும் போகும். ஒற்றையுடல் படகு காற்றில் சாய்ந்து ஓடும் அனுபவம் தனி என்பதால், உடல் ஒத்துழைப்பவர்கள் அதையே எடுக்கலாம். மாலையில் புறப்படும் சூரிய அஸ்தமனப் பயணங்களை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை கேளிக்கைக்கானவை, படகின் பின்னால் வலையைக் கட்டிப் பயணிகளைக் கடலில் இழுத்துச் செல்வதும், இந்த வரியில்லாத் தீவில் மலிவாகக் கிடைக்கும் மதுவுமே அவற்றின் ஈர்ப்பு. ஓங்கிலை, அதாவது டால்பினை, தேடுபவருக்கு இரண்டும் உதவாது.

மாலுமி இன்றிப் படகை மட்டும் வாடகைக்கு எடுக்கும் வசதியும் உண்டு. பாய் ஓட்டிப் பழகியவர்கள் மட்டுமே அதற்குத் துணிய வேண்டும். அவர்கள் இங்கு குறிப்பாகக் கவனிக்க வேண்டியது நங்கூரக் கயிற்றின் நீளம். வற்றத்தில் நான்கு மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டால், ஏற்றத்தில் அதே இடம் ஏழு மீட்டரை நெருங்கலாம். அந்த ஏழு மீட்டரைக் கணக்கில் எடுத்து, அதன் ஐந்து மடங்குக்குக் குறையாமல் கயிறு விட வேண்டும். சேறும் மணலும் உள்ள தரையிலேயே நங்கூரம் இறங்க வேண்டும். பவளத்தின் மீது இறங்கக் கூடாது.

கொண்டுசெல்ல வேண்டியவை அதிகம் இல்லை. தொலைநோக்கியில் ஏழு அல்லது எட்டு மடங்கு பெருக்கமே போதுமானது. பத்து மடங்கு என்றால் படகின் ஆட்டமும் சேர்ந்து பெருகிக் கண்ணைச் சோர்வடையச் செய்யும். கயிறு கட்டிய தொப்பி, முழுக்கைச் சட்டை, கண் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி, நீர் புகாத பை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு சிறிய வினிகர் புட்டி ஆகியவை இருக்கட்டும். வினிகர் எதற்கென்பது பின்னால் வருகிறது. கடல் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் வரை காத்திராமல், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும்.

இங்கே கடிகாரம் சற்று ஏமாற்றும். மலேசியா முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதாலும், லங்காவி அதன் மேற்கு ஓரத்தில் இருப்பதாலும், ஜனவரியில் சூரியன் காலை ஏழரை மணியைத் தாண்டித்தான் உதிக்கிறது. மறைவது மாலை 7.20 மணி வாக்கில். ஆகவே எட்டு மணிக்குப் புறப்பட்டாலும் விடியற்காலைப் பயணம்தான் அது. வடகிழக்குப் பருவத்தில் காற்று பெரும்பாலும் காலையில் வலுத்து, நண்பகலுக்குப் பின் தளர்வதால், பாயில் ஓட வேண்டிய தூரத்தில் பெரும்பகுதியைக் காலையிலேயே முடித்துவிடுவது நலம். பாய் ஏறியதும் எஞ்சின் அணைக்கப்படும். அந்த நொடியிலிருந்து படகில் இருப்பவர்களின் குரலே கடலில் பெரிய சத்தம் என்பதை உணர்ந்து பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாயின் அடியில் கிடைமட்டமாக ஆடும் கழியின் வீச்சுக்குள் நிற்காதீர்கள். படகு திரும்பும்போது அது ஒருபுறமிருந்து மறுபுறத்துக்கு எச்சரிக்கையின்றிப் பாயும். மாலுமி குரல் கொடுத்ததும் தலையைத் தாழ்த்தி உட்கார்வது ஒன்றே பாதுகாப்பு.

வானத்தில் முதலில் கண்ணில் படுவது செம்பருந்து. வெள்ளைத் தலையும் மார்பும், செங்கல் நிற உடலும் கொண்ட முதிர்ந்த பறவையை அடையாளம் காண்பது எளிது. இளம் பறவை முழுக்கப் பழுப்பாக இருப்பதால் வேறு பருந்தோ என்று மயங்க நேரிடும். அதனினும் பெரியது வெண்வயிற்றுக் கடற்கழுகு. விரித்த சிறகு ஏறத்தாழ இரண்டு மீட்டர் இருக்கும். சிறகுகளைச் சற்று மேல்நோக்கி உயர்த்தி மிதப்பதும், ஆப்பு வடிவக் குட்டை வாலும் அதன் அடையாளம். சிங்கா பெசார், தாயாங் பூந்திங் தீவுகளின் உயர்ந்த மரங்களில் இவை அமர்ந்திருப்பதைக் காலையில் தேடுங்கள். வெயில் ஏறியதும் வெப்பக் காற்றில் மிதந்து மிகுந்த உயரத்துக்குப் போய்விடும். மாலை நான்கு மணிக்குப் பின் மறுபடி தாழ வரும்.

பருந்துகளைப் பக்கத்தில் காட்டுகிறோம் என்று கோழித்தோலையும் கொழுப்பையும் கடலில் வீசும் வழக்கம் இங்கு நெடுநாளாக இருந்துவருகிறது. மீனையும் செத்த இரையையும் தேடித் தின்று வாழும் பறவைக்கு அது சத்தற்ற தீனி. படகின் எஞ்சின் ஒலி கேட்டதும் கூட்டமாக வந்து சுழலப் பழகிய பறவை, குஞ்சுக்கும் அதையே கொண்டுபோகிறது. இதில் பங்கேற்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரை வீசும் இடத்தில் தெரிவது முட்டிமோதும் கூட்டம் மட்டுமே. கரையோரமாகப் பாயில் மெல்லச் செல்லும் படகிலிருந்தோ, ஒரு செம்பருந்து நீர்ப்பரப்பை அளந்து, தாழ்ந்து, நனையாமல் காலால் மீனைக் கொத்தாக அள்ளி, பறந்தபடியே தின்பதை முழுமையாகக் காண முடியும்.

ஓங்கில்களைக் காண்பதற்கு உறுதி கிடையாது. வாய்ப்பைக் கூட்டிக்கொள்ள வழி உண்டு. லங்காவியைச் சுற்றியுள்ள ஆழமற்ற, கலங்கிய கரைக்கடலில் கூனோங்கிலும், கடற்பன்றி இனத்தைச் சேர்ந்த, முதுகுத் துடுப்பற்ற சிற்றோங்கிலும் வாழ்கின்றன. கூனோங்கில் பிறக்கும்போது சாம்பல் நிறமாக இருந்து, வளர வளர வெளுத்து இளஞ்சிவப்பாகிறது. முதுகுத் துடுப்பு தெரியும்படி மெதுவாக வளைந்து மூழ்கும். துடுப்பற்றதோ கூச்ச சுபாவமுள்ளது, படகை நாடி வராது. கறுத்த சிறு முதுகு ஒரு கணம் தெரிந்து மறையும், அலை சிறிது எழுந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் காற்று தளர்ந்து நீர் கண்ணாடியாகும் நண்பகல் வேளையை அதற்கென ஒதுக்குங்கள். தொலைநோக்கியைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு தேடுவது பயனற்றது. வெறும் கண்ணால் அடிவானத்திலிருந்து படகு வரை பட்டை பட்டையாகத் துழாவி, ஏதேனும் அசைந்த பிறகே தொலைநோக்கியை எடுக்க வேண்டும். ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் கூடி நீரில் பாய்ந்தால் அதன் அடியில் மீன்திரள் இருக்கிறது என்று பொருள். தீவுகளுக்கு இடையே ஓதநீர் விரைந்து ஓடி நுரைக்கோடு விழும் இடங்களும் அப்படியே. இவ்விரண்டையும் மாலுமியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரும் கவனிப்பார்.

கண்டுவிட்டால் துரத்தக் கூடாது. அவை செல்லும் திசைக்கு இணையாக, 50 முதல் 100 மீட்டர் விலகி, அவற்றின் வேகத்துக்கு மிகாமல் செல்வதே முறை. முன்னால் போய் வழிமறிப்பதும், கூட்டத்தின் நடுவே புகுவதும், இரு படகுகள் இருபுறமும் நெருக்குவதும், நீரில் குதிப்பதும் கூடாது. குட்டியோடு தாய் இருந்தால் இன்னும் விலகுங்கள். கூட்டம் அடிக்கடி திசை மாற்றினாலோ, மூழ்கும் நேரம் நீண்டுகொண்டே போனாலோ உங்கள் படகு அவற்றுக்குத் தொந்தரவாகிவிட்டது என்று அறிந்து அகன்றுவிட வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் 20 நிமிடத்துக்கு மேல் தொடராதிருப்பது நல்லது.

தாயாங் பூந்திங், கூட்டத்தில் இரண்டாவது பெரிய தீவு. பழஞ்சுண்ணாம்புக் கல், பின்னர் கீழிருந்து எழுந்த கருங்கல் குழம்பின் வெப்பத்தால் பளிங்காக மாறியதே இதன் பாறை. மேற்குக் கரையின் செங்குத்துச் சுவர்களை ஒட்டி, காற்று மறைந்த ஒடுக்கமான நீர்வழியில் நங்கூரமிட்டு மதிய உணவை முடிக்கலாம். அந்தச் சுவர்களின் உச்சி மரங்களைப் பாருங்கள்: காற்றில்லாமலே கிளை அசைந்தால் அங்கே இலையுண்ணிக் குரங்குகள் இருக்கலாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் சாம்பல் உடலும் கொண்ட இவற்றின் குட்டிகள், முதல் சில மாதங்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பச்சை இலைகளிடையே அந்த நிறமே கூட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அவை மனிதரிடம் வருவதில்லை, வர வைக்கவும் கூடாது.

தீவின் நன்னீர் ஏரிக்குச் செல்ல விரும்பினால் நேரத்தைச் சற்றுக் கணித்துச் செல்லுங்கள். விசைப்படகுச் சுற்றுலாக்கள் காலை ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை என வருவதால், நடுவே நண்பகலை ஒட்டி ஏரி சற்று ஓய்ந்திருக்கும். துறையிலிருந்து ஏரிக்குப் போகும் படிக்கட்டுப் பாதையில் காத்திருப்பவை நீளவால் குரங்குகள். இவை இலையுண்ணிகளைப் போல ஒதுங்கி நிற்பவை அல்ல. பிளாஸ்டிக் பையின் சரசரப்பே அவற்றுக்கு அழைப்பு. உணவைப் படகிலேயே விட்டுவிட்டு, பையை மார்போடு மூடிப் பிடித்து, கண்ணை நேருக்கு நேர் பார்க்காமலும் பல்லைக் காட்டிச் சிரிக்காமலும் நடந்தால் தொல்லை இராது. கையிலிருந்ததைப் பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்க முயலாதீர்கள். கடிபட்டால் காயத்தைச் சோப்பு நீரில் நன்கு கழுவி, அன்றே மருத்துவரிடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். ஏரி ஆழமானது என்பதால் நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு உடுப்போடுதான் இறங்க வேண்டும். குழந்தையில்லாதோர் இதன் நீரை அருந்தினால் பிள்ளைப்பேறு உண்டாகும் என்ற உள்ளூர் நம்பிக்கையால் புட்டியில் நீர் பிடிப்போரையும் பார்க்கலாம்.

கடலில் குளிப்பதைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். லங்காவியின் கரையோர நீரில் பெட்டிச்சொறி எனத்தக்க பெட்டி வடிவ ஜெல்லி மீன் உண்டு. அது தீண்டி இங்கே உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஏறத்தாழ நிறமற்றது என்பதால் நீரில் தெரியாது. கணுக்கால் முதல் மணிக்கட்டு வரை மூடும் நீச்சலுடை அணிந்தே இறங்குங்கள். யாரேனும் தீண்டப்பட்டால் உடனே கரையேற்றி, தீண்டிய இடத்தில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் வினிகரை ஊற்ற வேண்டும். தேய்க்கவோ நன்னீர் விட்டுக் கழுவவோ கூடாது. மூச்சு தடைபட்டால் செயற்கைச் சுவாசத்தையும் மார்பு அழுத்தத்தையும் தொடங்கிக்கொண்டே 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஏப்ரலுக்குப் பின் வருவோர் மேற்கு வானத்தின் மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சுமத்ராப் பக்கமிருந்து, பெரும்பாலும் பின்னிரவிலும் காலையிலும், கருமேக வரிசையாக வரும் திடீர்ச் சூறைக்காற்றை இங்குள்ள மாலுமிகள் சுமத்ரா என்றே அழைக்கிறார்கள். மேகத்தின் அடிவிளிம்பு கறுத்துத் தாழ்ந்து நெருங்குவதும், காற்று சட்டென்று குளிர்வதும் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் பாயைச் சுருக்கிவிட்டு, எல்லோரும் உயிர்காப்பு உடுப்பு அணிந்து, தீவின் மறைவை நாட வேண்டும். காற்று வந்தபின் சுருக்கலாம் என்று எண்ணுவது தவறு. புறப்படும் முன் மலேசிய வானிலைத் துறையின் கடல்சார் முன்னறிவிப்பைப் பார்ப்பது படகோட்டியின் வேலை என்று விட்டுவிடாமல் நீங்களும் பாருங்கள்.

மூன்று மணி வாக்கில் திரும்பத் தொடங்கினால் அவசரம் இராது. காற்று ஓய்ந்திருந்தால் ஒரு பகுதி தூரத்தை எஞ்சினில் கடக்க நேரிடும். அதையும் கணக்கில் சேர்த்தே நேரம் ஒதுக்குங்கள். மாலையில் முன்தளத்தில் அமர்ந்து பெருந்தீவின் மரவிளிம்பைக் கவனித்து வந்தால் இருவாட்சிகள் இரவு தங்குமிடம் நோக்கி இணைகளாகப் பறப்பதைக் காண வாய்ப்புண்டு. சிறிய கறுப்புவெள்ளை இருவாட்சியே அடிக்கடி தென்படுவது. பெரிய இருவாட்சி வந்தால், நீராவி ரயில் மூச்சுவிடுவது போன்ற சிறகொலியே பறவையை முந்திக்கொண்டு வந்துவிடும்.

வடகிழக்கில் உள்ள கிலிம் அலையாத்திக் காட்டையும் இதே நாளில் சேர்த்துவிடலாமே என்று முகவர்கள் சொல்வதுண்டு. அதற்கு இசைய வேண்டாம். அது தீவின் எதிர்மூலை. சேற்றுத்தாவி மீன், நீர்நாய், பழுப்புச் சிறகு மீன்கொத்தி ஆகியவற்றுக்காக அங்கே தனியாக ஒரு காலைப்பொழுதைத் துடுப்புப் படகில் செலவிடுவதே தகும். விசைப்படகின் அலை சேற்றுக்கரையை அரிப்பதால், துடுப்பு வலிக்க முடியாதவர்கள் மெதுவாக ஓட்டச் சம்மதிக்கும் படகுக்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பவளத்தையும் கருமுனைச் சுறாக்குட்டிகளையும் காண விரும்புவோருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பாயார் கடற்பூங்கா இருக்கிறது. பாயில் ஒரே பகலில் அங்கே போய்த் திரும்புவது கடினம் என்பதால், அதற்கு விரைவுப் படகிலேயே வேறொரு நாள் இடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.